பனி விழுமா என்று பார்த்திருக்கும் இரவுகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளை நடத்திய குளிர்கால ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் எங்களிடம் கேட்டது குளிர்கால உடல்நலம் பற்றி ஓர் உரை. விற்றமின் டி, மூட்டுவலி, தடுப்பூசி என்று மூன்று தலைப்புகளையும் எழுதி அனுப்பியிருந்தார். அவற்றைப் பற்றி இதே மண்டபத்தில் பலர் பேசிவிட்டார்கள். மாத்திரைகளின் பெயர்களை இங்குள்ள அக்காமார் எங்களைவிடச் சரியாகச் சொல்வார்கள். ஆகவே குளிர்காலத்தில் வரும் வேறொரு வருத்தத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். இதற்கு மருந்து இல்லை. நடு இரவில் எழும்பி, அறை விளக்கை அணைத்து, திரையை விலக்கி, பனி விழத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கும் வருத்தம்.

நாங்கள் என்று சொல்வது ஒரே வகுப்பில் படித்து இன்று இங்கிலாந்தின் நாலு மூலைகளில் இருக்கும் நாலு பேரை. இருவர் வைத்தியர்கள், ஒருத்தி கணக்காளர், ஒருத்தி ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. இந்த உரையை நால்வரும் சேர்ந்தே எழுதினோம். எழும்பி நின்று வாசிக்கும் வேலை மாத்திரம் சீட்டுப் போட்டதில் வைத்தியர் ஒருத்திக்கு விழுந்தது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஊரில் எங்களுக்குப் பனி என்றால் தை மாத விடியலில் வாழையிலையில் நிற்கும் நீர். ‘மாசிப்பனி மூசிப் பெய்யும்’ என்று அம்மம்மா சொல்வார். தலையில் துவாயைச் சுற்றாமல் முற்றத்தில் இறங்கினால் ஏச்சு விழும். இங்கே வந்த பிறகு வெள்ளையாகக் கொட்டுவதையும் பனி என்றே சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டில் ‘ஸ்நோ கொட்டுது’ என்கிறோம். இந்த உரையில் பனி என்றால் அதுதான்.

எங்களில் ஒருத்திக்கு இந்த வருத்தம் தொற்றிய நாள் எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2009 பெப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டன் வைத்தியசாலை ஒன்றில் இளநிலை வைத்தியராக இரவுக் கடமையில் இருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் தாதியர் ஒருவர், யோர்க்ஷயர்க்காரர், அரை மணிக்கு ஒருதரம் விடுதியின் கடைசி யன்னலுக்குப் போய் நிற்பார். அங்குள்ள நோயாளிக்கு ஏதோ சரியில்லை என்று நினைத்து இவளும் பின்னால் போனாள். நோயாளி நல்ல நித்திரை. தாதியர் வெளியே வாகனத் தரிப்பிடத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வானத்தைப் பார்க்காதே டொக்டர், விளக்கைப் பார்” என்றார்.

அந்த ஒரு வசனத்தில் முழு வித்தையும் இருக்கிறது. இரவில் வானத்தைப் பார்த்தால் கறுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. விளக்கைச் சுற்றியுள்ள வெளிச்ச வட்டத்தில் மாத்திரமே விழுவது கண்ணில் படும். மழைத்துளி விநாடிக்கு ஆறு, ஏழு மீற்றர் வேகத்தில் இறங்குவதால் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். பனித்துகள் விநாடிக்கு ஒரு மீற்றர் அளவில்தான் இறங்கும். காற்றடித்தால் பக்கவாட்டில் போகும், சிலவேளை மேலேயும் ஏறும். கோடுகள் மெல்ல மெல்லப் புள்ளிகளாக மாறும் நேரத்தைப் பிடிப்பதற்காகவே இங்கு ஆயிரக்கணக்கானவர்கள் இரவிரவாக நித்திரை முழிக்கிறார்கள். முழங்கையை யன்னல் விளிம்பில் ஊன்றி, மூச்சால் கண்ணாடி மங்கும்போது சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள்.

அன்றிரவு கோடுகள் புள்ளிகளாயின. திங்கள் காலை லண்டனில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. தென்கிழக்கு இங்கிலாந்தில் 18 ஆண்டுகளில் அப்படி ஒரு பனி விழவில்லை என்றார்கள். கடமை மாற வரவேண்டியவர்கள் வந்து சேரவில்லை. எங்கள் சினேகிதி மேலும் பல மணி நேரம் விடுதியிலேயே நின்றாள். ஆனாலும் அன்று மாலை மற்ற மூவருக்கும் அவள் எடுத்துச் சொன்னது களைப்பைப் பற்றியல்ல, அந்த விளக்குக் கம்பத்தைப் பற்றி.

பனி பார்ப்பவர்கள் தனிச் சாதி. குளிர் நாட்டில் பிறந்தவர்களுக்குப் பனி பழகிப்போயிருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் எங்கள் சங்கத்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களுக்கு அது மண்வெட்டி வேலை. இங்கிலாந்தில் கதை வேறு. நான்கு பக்கமும் கடல், மேற்கிலிருந்து வரும் காற்று மிதமான சூட்டோடு வரும். பனி விழுவதும் மழையாகப் போவதும் ஒரு பாகை, அரைப் பாகை வித்தியாசத்தில் தீர்மானமாகிறது. இங்கே பெரும்பனி விழுவது பெரும்பாலும் பூச்சியத்துக்கும் 2 பாகை செல்சியசுக்கும் இடையில்தான் என்று வானிலை அலுவலகமே சொல்கிறது. பரீட்சையில் ஒரு புள்ளியால் தவறியவர்களின் ஏக்கம் எங்களுக்குத் தெரியும்தானே? அதே ஏக்கம்.

அதனால் அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். வெளியே வெப்பமானி தொங்கும். ஆனால் அதைவிட முக்கியம் பனிபடுநிலை. உயர்தரத்தில் பௌதிகவியல் ஈரமானிக் கேள்வியில் பனிபடுநிலை கண்டுபிடித்தோமே, ஞாபகமா? இது எதற்கு உதவும் என்று அன்று பின்வாங்கிலிருந்து முணுமுணுத்தவர்கள் இன்று நள்ளிரவில் அதைக் கைத்தொலைபேசியில் தேடுகிறோம். பனிபடுநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் நம்பிக்கை வரும். மறைவெப்பமும் உதவிக்கு வரும். மேலிருந்து விழும் பனி வழியில் உருகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மழை பலமாகப் பெய்தால் காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்து, மழையே பனியாக மாறும். ஆகவே கொட்டும் குளிர் மழையைப் பார்த்து “நல்லாப் பெய், இன்னும் பெய்” என்று யன்னலில் நின்று சொல்பவர்களையும் இங்கே காணலாம். எங்கள் கணக்காளர் அப்படிச் சொல்லித் தன் கணவரிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

பிறகு கணினி வரைபடங்கள். அமெரிக்க வானிலைச் சேவையின் ஜி.எஃப்.எஸ். மாதிரி நாளுக்கு நான்கு தடவை ஓடுகிறது. அதில் மாலை ஓட்டம் இங்கே இரவு பத்து மணியளவில் கைக்கு வரும். மதுக்கடையில் இருக்கும் நேரம் என்பதால் அதற்குப் ‘பப் ரன்’ என்று பட்டப்பெயர். பத்து நாளுக்குப் பிறகு நாட்டையே மூடுமளவு பனியை அள்ளிக் காட்டும் ஓட்டமும் அதுதான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். காலையில் அடுத்த ஓட்டம் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். ரெடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய நிலையத்தின் வரைபடத்துக்கு மதிப்பு அதிகம், அது மறுத்துவிட்டால் அன்று பலருக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் நால்வர் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் பரீட்சை முடிவுகளுக்கு வந்த செய்திகளைவிட இந்த வரைபடங்களுக்கு வந்தவை அதிகம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பொறாமையும் உண்டு. கிழக்குக் காற்று வட கடலைத் தாண்டும்போது கீழேயுள்ள கடல்நீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் முகில்கள் வரிசையாக எழும்பும். அந்த வரிசை தேம்ஸ் முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்தால் அதன் கீழுள்ள ஊர்களில் பனி குவியும். பத்து மைல் தள்ளி இருப்பவர்களுக்கு நட்சத்திரம் தெரியும். கென்ற்றில் இருக்கும் எங்கள் ஆசிரியை தன் தோட்டத்தில் அடிமட்டத்தைக் குத்திப் படம் அனுப்புவாள். லெஸ்ரரில் இருப்பவள் இரண்டு நாள் பதில் போடமாட்டாள்.

பழைய குளிர்காலங்களை இவர்கள் நாங்கள் வம்சாவளி சொல்வதுபோலச் சொல்வார்கள். 1947இல் ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை நாட்டின் ஏதோ ஓரிடத்தில் ஒவ்வொரு நாளும் பனி விழுந்தது. 1962-63இல் 1740க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான குளிர், கென்ற்றில் ஹேர்ன் பே கரையில் கடலே உறைந்தது. 2010 ஜனவரி 7 அன்று செய்மதி எடுத்த படத்தில் பிரித்தானியத் தீவு முழுவதும் வெள்ளை. அந்த யோர்க்ஷயர்த் தாதியர் இப்படத்தைச் சட்டம் போட்டு வீட்டு நடைவழியில் மாட்டியிருந்தார், நாங்கள் சாமிப்படம் மாட்டும் உயரத்தில்.

இது வெறும் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். கோர்டன் மான்லி என்ற புவியியலாளர் 1930களில் வட பெனைன் மலைத்தொடரின் கிரேட் டன் ஃபெல் உச்சியருகே மரக்குடிசை ஒன்றை வைத்துக்கொண்டு காற்றையும் குளிரையும் அளந்தார். 1659இலிருந்து மத்திய இங்கிலாந்தின் மாத வெப்பநிலைகளைக் கோத்து எடுத்தவரும் அவர்தான். உலகில் கருவிகளால் அளந்த வெப்பநிலைப் பதிவுகளில் அதைவிட நீண்ட தொடர் கிடையாது. அவருடைய முயற்சியால் 1937இல் தொடங்கிய பனிக் கணக்கெடுப்புக்குச் சாதாரண மக்கள் தங்கள் ஊரில் எந்த மலையில் எந்த உயரம்வரை பனி கிடக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்பினார்கள். பல பத்தாண்டுகள் அனுப்பினார்கள். பனி கிடக்கும் நாட்கள் குறைந்துகொண்டு வருகின்றன என்று இன்று உறுதியாகச் சொல்லமுடிவது இப்படிப்பட்டவர்களின் குறிப்புப் புத்தகங்களால்.

எதிர்ப்பக்கத்தில், நத்தார் தினத்தில் பனி விழுமா என்று பந்தயம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் நாட்டில் எங்காவது ஒரே ஒரு பனித்துகள் விழுவதைக் கண்டால் போதும், வானிலை அலுவலகம் அதை வெள்ளை நத்தார் என்று எழுதிக்கொள்ளும். ஒரு துகள்! எங்கள் ஆட்களுக்கு அது கணக்கில் வராது. பாதத்தின் கீழே ‘கிறுக்’ என்று சத்தம் கேட்கவேண்டும்.

இனி வைத்தியர்களாகக் கொஞ்சம் பேசவேண்டும், செயலாளர் எங்களையே பார்க்கிறார்.

ஏமாற்றமே வழக்கமாக இருக்கும் ஒன்றை மனிதர் ஏன் விடாமல் பார்த்திருக்கிறார்கள்? எப்போதும் கிடைக்கும் பரிசைவிட எப்போதாவது கிடைக்கும் பரிசு ஆளை அதிகம் கட்டிப்போடும் என்பதை ஸ்கின்னர் புறாக்களிலும் எலிகளிலும் காட்டினார். இலாபச்சீட்டு வாங்குபவருக்கும் எங்களுக்கும் மூளையில் பெரிய வித்தியாசம் இராது. ஒரு வித்தியாசம் சொல்லலாம். பனி வந்தால் தெருவில் எல்லோருக்கும் வரும்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. நாங்கள் இரவு இரண்டு மணிக்கு விழு, விழு என்று வேண்டிக்கொள்வது மறுநாள் விபத்துப் பிரிவில் யாரோ ஓர் அம்மாவின் மணிக்கட்டாக வந்து நிற்கும். விரித்த கையை ஊன்றி விழும்போது ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறியும், கை சாப்பாட்டு முள்ளுக்கரண்டியைப் போல வளையும். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்க எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1814இல், டப்ளின் சத்திரசிகிச்சை நிபுணர் ஏப்ரகாம் கொல்லிஸ் இதைக் கையால் தொட்டுப் பார்த்தே விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி, அதில் ஆட்கள் குறைவாகத்தான் விழுவார்கள். மிதிபட்டு, பகலில் உருகி, இரவில் மறுபடி உறைந்த மூன்றாம் நாள்தான் ஆபத்து. அப்போது அது கண்ணாடி. ஆனால் மூன்றாம் நாள் எங்களில் யாரும் யன்னலில் நிற்பதில்லை.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

2018 பெப்ரவரி. மாதத்தின் நடுவில், தரையிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவு உயரத்தில் படைமண்டலம் திடீரெனச் சூடாகி, வட துருவத்தைச் சுற்றும் காற்று குலைந்தது. இரண்டு கிழமைக்குள் சைபீரியாவின் பக்கமிருந்து கிழக்குக் காற்று இங்கு வரும் என்று வரைபடங்கள் ஒன்றுபோலச் சொல்லத் தொடங்கின. பத்திரிகைகள் கிழக்கின் மிருகம் என்று பெயர் வைத்தன. எங்கள் குழுவில் நித்திரை போய்விட்டது. லண்டனின் தெற்கே இருக்கும் எங்கள் வைத்தியர் மாதக் கடைசியில் ஓர் இரவு முன்னறையில் இருந்தாள். வீட்டு விளக்குகள் எல்லாம் அணைத்தாயிற்று. கதிரையை யன்னலோடு இழுத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, தெருவிளக்கைப் பார்த்தபடி. மூன்று மணியளவில் பின்னால் அம்மா வந்து நின்றார். ஊரிலிருந்து வந்து மகளோடு இருந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

“என்ன பிள்ளை, ஏதும் சத்தம் கேக்குதோ?” என்றார், இரகசியமாக.

“இல்லையம்மா. ஸ்நோ வருதோ எண்டு பாக்கிறன்.”

“அதுக்கு ஏன் லைற்றை நூத்துப்போட்டு இருக்கிறாய்?”

இந்த மண்டபத்தில் எங்கள் வயதிலும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்று விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 1990இல் எங்கள் ஊரில் மின்சாரம் நின்றது. நாங்கள் ஆறாம், ஏழாம் வகுப்பு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வு வழியே மேலே வரும் திரி. அந்த விளக்கில்தான் படித்தோம். இரவில் பொம்மர் வரும் சத்தம் கேட்டால் முதல் வேலை அதை நூத்துவிடுவது. அடுத்தது முற்றத்துப் பங்கருக்குள் இறங்குவது. இறங்குமுன் ஒருதரம் எல்லோரும் மேலே பார்ப்போம். சில இரவுகளில் பரா லைற் போடுவார்கள். குடையில் தொங்கிக்கொண்டு மெல்ல மெல்ல, ஆடி ஆடி இறங்கும் வெளிச்சம். முற்றத்து மாமரத்தின் ஒவ்வொரு இலையும் தெரியும். அவ்வளவு வடிவாக இருக்கும், அதை வடிவென்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் நடந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அன்று வானத்தைப் பார்த்தவர்கள் மழை விடுமா என்று மட்டும் பார்க்கவில்லை.

இரவில் இருட்டுக்குள் இருந்து மேலேயிருந்து இறங்குவதைப் பார்ப்பது எங்களுக்கு முன்னமே பழக்கமான வேலை. அதை ஆசையோடு செய்யலாம் என்பதுதான் புதிது. அந்த யோர்க்ஷயர்க்காரருக்கு இது தெரிய நியாயமில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டாள், அவ்வளவுதான். “வானத்தைப் பாக்காதேங்கோ அம்மா, லைற்றைப் பாருங்கோ.” இருவரும் இருந்தார்கள். நாலு மணிக்கு முன் ஒரு புள்ளி விளக்கைத் தாண்டிப் போனது. அம்மாதான் முதலில் கண்டார். “உங்கை, உங்கை” என்று விரலால் காட்டினார். பிறகு எண்ணமுடியாமல் வந்தது. அம்மா விடியும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. “ஒரு சத்தமும் இல்லையே” என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். உண்மைதான், புதுப்பனியின் துளைகள் ஒலியை உள்வாங்கிவிடும், தெருவே பஞ்சுக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும். அம்மா சொன்னது அந்தப் பௌதிகவியலை அல்ல.

மூன்றாம் நாள் காலை மகள் கடமைக்குப் போன பிறகு, காகத்துக்கு வைப்பதுபோல ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு அம்மா பின்கதவால் இறங்கினார். படியில் கண்ணாடி. இடது கை. அயல் வீட்டுக்காரி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்த வைத்தியசாலை மகள் வேலை செய்த அதே வைத்தியசாலை. எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளிச்சத்தில் போட்டதும் அவளுக்குக் கொல்லிஸின் பெயரைச் சொல்ல நா எழவில்லை. அன்றிரவு எங்கள் குழுவில் எழுதினாள், இனி இந்த வேலையை விடப்போகிறேன் என்று. நாங்களும் வாதாடவில்லை. யார் வேண்டிக்கொண்ட பனி அது? நாலு பேரும்தான் வேண்டிக்கொண்டோம்.

ஆறு கிழமை கட்டு. ஒரு நாள் கட்டை மாற்றும்போது மகள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினாளாம். அம்மா இடையில் மறித்தார். “நான் விழுந்தது ஐஸில. ஸ்நோவில இல்லை. ரெண்டையும் ஒண்டாக்காதை.”

ஆகவே செயலாளருக்காக இதையும் சொல்லிவிடுகிறோம். பனி நாட்களில் படிக்கட்டுக்கு முதல் நாளே உப்புப் போடுங்கள். வயது வந்தவர்களின் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் வெளியே விடாதீர்கள். கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடக்க விடாதீர்கள், பாதத்தைத் தட்டையாக வைத்துச் சின்ன அடியாக நடக்கச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் அயலவரின் கதவை ஒருதரம் தட்டுங்கள், வீட்டுக்குள் சூடாக்கி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பறவைக்குச் சோறு யன்னலால் போடலாம்.

இப்போது அந்தத் தெருவில் மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட்டிருக்கிறார்கள். பழைய மஞ்சள் வெளிச்சம் முகிலில் பட்டு வானமே செம்மஞ்சளாகும், அதைப் பார்த்தே பனி வரப்போகிறது என்று சொல்வோம். அது போய்விட்டது. ஆனால் புது வெளிச்சத்தில் துகள் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்பது அம்மாவின் கருத்து. அவருடைய அறையை முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லி மாற்றிக்கொண்டார். முழங்கால் நோவில் நித்திரை வராத இரவுகள் அவருக்கு நிறைய.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள். வரைபடங்களில் ஒன்றுமே இல்லை. ஜி.எஃப்.எஸ். இல்லை என்றது, ஐரோப்பிய நிலையம் இல்லை என்றது, எங்கள் கணக்காளர் பனிபடுநிலையைப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். நாலு பேரும் வேளைக்கே படுத்துவிட்டோம். விடியப்புறம் மூன்று மணிக்கு அம்மா சுவரில் தட்டினார். “பிள்ளை, எழும்பு. விழுகுது.”

ஐந்து நிமிடம் விழுந்திருக்கும். காலையில் ரோட்டில் ஒரு அடையாளம் இல்லை. மற்ற மூவரும் நம்பவில்லை, இன்றுவரை நம்பவில்லை. அம்மா இன்று மூன்றாம் வரிசையில் இருக்கிறார். சந்தேகமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.